டிரைவரின் கால்கள்

கை நீட்டுகிறவன் வேண்டாம். அவனை முதலில் ஒதுக்கிவிடலாம். எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் ஒருத்தன் இப்படித்தான் நிற்கிறான், இடது கை இடுப்பில், வலது கை வானத்தைப் பார்த்து, வாய் கொஞ்சம் திறந்து. ஜப்பான்காரன் செய்தாலும் சரி, சீனாக்காரன் செய்தாலும் சரி, சிப்பாய்ப் பொம்மை என்றால் ஒருத்தன் எதையாவது காட்டியே தீர வேண்டும் போலிருக்கிறது. பார்த்தால் டிக்கெட் செக்கர் ஞாபகம்தான் வருகிறது. வலங்கைமான் வளைவு தாண்டிப் புளியமரத்து நிழலில் ஜீப்பை மறைத்துவிட்டு இதே தோரணையில் நிற்பார்கள். கை நீண்டால் என் கால் பிரேக்குக்குப் போகும், ஏறுவார்கள், கண்டக்டரின் முகம் வெளுக்கும், எனக்கென்ன, நான் பாட்டுக்குச் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகன் ஓட்டுகிற டாங்குக்குப் பக்கத்தில் செக்கருக்கு என்ன வேலை? போ, அந்தப் பக்கம் போய் நில். அடுத்தவன் டப்பாவிலிருந்து எதையோ கரண்டியால் வழித்துத் தின்கிறான். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், கன்னத்தில் கவளம் கூடத் தெரிகிறது. ஆனால் கொலுவில் வைத்தால் வருகிற பெண்பிள்ளைகள் எல்லாம் சுண்டல் தின்கிற சிப்பாய் என்று சிரிப்பார்கள். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு முழிக்கிறவன், வழி தெரியாதவன், அவன் வேண்டவே வேண்டாம். காயம்பட்டவனைத் தோளில் தாங்கி வருகிற ஜோடி ஒன்றும் இருக்கிறது. அதை மங்களம் பார்ப்பதற்கு முன்னால் எடுத்துத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடினேன். நல்ல நாளும் அதுவுமாக அது எதற்கு. ஆள் ஒவ்வொருத்தனும் என் சுண்டுவிரல் உயரம், நிஜ மனிதனை முப்பத்தைந்தாகப் பங்கு போட்டால் வருகிற ஒரு பங்கு. இதிலும் ஏமாற்று உண்டு. இரண்டு பொட்டலத்திலும் முப்பத்தைந்தில் ஒன்று என்றுதான் அச்சடித்திருக்கிறான், சேர்த்து நிறுத்திப் பார்த்தால் ஒரு பொட்டலத்துக்காரன் இன்னொரு பொட்டலத்துக்காரனுக்குத் தோள்வரைதான் வருகிறான். எவன் அளவுகோல் சரி என்று யாரைப் போய்க் கேட்பது. டாங்கின் மூடித் துவாரத்தில் இறக்கிப் பார்த்தேன். நெட்டைப் பொட்டலத்து ஆட்கள்தான் சரியாகப் புகுகிறார்கள். குட்டைப் பொட்டலத்து ஆள் குறுக்கேயும் பெருத்தவன், தொப்பையைத் துவாரத்தில் சிக்கவைத்துக்கொண்டு நிற்கிறான். ஆளை டாங்குக்குப் பக்கத்தில் வைத்தால் போதாது, அவனால் அதற்குள் ஏறி உட்கார முடியுமா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரிட்டயர் ஆனபின் அட்டையில் என் பஸ்ஸைச் செய்தேனே, அதில் கற்றுக்கொண்டது.

இரண்டு பேர்தான் மிச்சம். இரண்டு பேருக்கும் தலை இன்னும் ஒட்டவில்லை. தலைகள் தனியாக வருகின்றன, பல்குச்சியில் குத்தி உருளைக்கிழங்கில் நட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரு தலை என் மகன் பிரகதீஷ். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், இருக்கட்டும், இந்தக் குஞ்சின் முகத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொட்டலத்தில் வந்தது ரோஜாப்பூ நிறத்து வெள்ளைக்கார மூஞ்சி. அதன்மேல் பழுப்பு, அதன்மேல் கொஞ்சம் சிவப்பு, ராஜஸ்தான் வெயிலுக்காக மூக்கின்மேல் கொஞ்சம் கறுப்பு. மீசை, ஒற்றை மயிர்த் தூரிகையால். மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் கிளச்சையும் பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குவோமே, அப்படி. இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவன்தான். உதட்டோரத்தில் அந்த அலட்சியம் கூட வந்துவிட்டது. இந்தத் தலையை எந்தக் கழுத்தில் வைப்பது என்பதுதான் இப்போது கேள்வி. ஒரு கழுத்து கமாண்டருடையது. முழு ஆள், நல்ல உயரம், மார்பில் தொங்கும் பைனாகுலர், நிமிர்ந்த முதுகு, டாங்கின் உச்சித் துவாரத்தில் இடுப்புவரை வெளியே தெரிகிறமாதிரி நிற்பான். யார் பார்த்தாலும் முதலில் அவனைத்தான் பார்ப்பார்கள். இன்னொரு கழுத்து டிரைவருடையது. முன்னால், கீழே, பீரங்கிக் குழாய்க்கு அடியில் ஒரு சின்னத் துவாரம். அதில் தலையும் தோளும் மட்டும் தெரியும். அதனால் பொம்மை செய்தவனும் தலையும் மார்பும் கையும் மட்டும் செய்து அதோடு விட்டுவிட்டான். மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை, தேங்காயை உடைத்தமாதிரி சப்பட்டையாக முடிகிறது. என் மகன் டிரைவர். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சந்தேகம் எல்லாம் இன்று சாயங்காலம் வருகிறவர்களுக்கு என் மச்சான் சிவக்கொழுந்து சொல்லிவைத்திருப்பதில்தான். பாத்திரக் கடை வைத்திருக்கிறவர், ஈயத்தையும் வெள்ளி என்று விற்கிற வாய். மாயவரத்துச் சம்பந்தம், பெண் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறது, அப்பா நாகரத்தினம் கூட்டுறவு பேங்க் மேனேஜர். அவர் "மாப்பிள்ளை டாங்குல என்னவா இருக்காரு" என்று கேட்டிருக்கிறார், இவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் "கமாண்டருங்க, டாங்கே அவரு கையில" என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் சிரிக்கிறார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லுவாங்க மாப்ள, நான் ஒண்ணுதானே சொன்னேன்." அந்த ஒன்றுக்குச் சாட்சி சொல்லத்தான் இந்தத் தலை கமாண்டர் கழுத்தில் உட்கார வேண்டும். கொலு பார்க்க வருகிற சாக்கில் வீடு பார்க்க வருகிறார்கள். படிக்குக் கீழே பார்க் வைக்கிற இடத்தை இந்த வருஷம் மங்களம் டாங்குக்கு ஒதுக்கியிருக்கிறாள். கேட்பார்கள், இதில் மாப்பிள்ளை யார் என்று கேட்காமலா இருப்பார்கள்.

கமாண்டர் என்றால் யார்? உயரத்தில் நிற்கிறவன். நின்றுகொண்டு சொல்கிறவன். இடது, வலது, நிறுத்து, போ. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் கண்டக்டர், விசில் ஊதுகிறவன். நான் கண்டக்டரைக் குறைத்துச் சொல்லவில்லை, செல்லப்பா என்கூட எத்தனையோ வருஷம் ஓடியவன், தங்கமான மனுஷன். ஆனால் ஊர் யாரைப் பார்த்தது? செல்லப்பாவைப் பார்த்தது. அவன் பெயர் தெரியும், அவன் பெண்டாட்டி பெயர் தெரியும், கல்யாணப் பத்திரிகை அவனுக்கு வரும். நாச்சியார்கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு அவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அந்த வீட்டுக்காரர் அவனைக் கட்டிப்பிடித்து உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்து "இவரு யாரு" என்றார். தினமும் என் வண்டியில் வருகிறவர். என் முதுகையும் பின்மண்டையையும் மட்டும் பார்த்துக்கொண்டு வந்தவர். "இவருதான் நம்ம டிரைவர்" என்றான் செல்லப்பா. "அப்படியா, சாப்பிட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டேன், பாயசம் கூட இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டேன், ஆனால் அந்த 'இவரு யாரு' இன்னும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. இவரு யாரா? உன் பெண்டாட்டி நிறைமாதமாக நின்றுகொண்டு வந்தாளே, அவள் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற மாதிரி ஓட்டினவன். என் வண்டியில் பூக்காரிகள் நின்றபடியே பூத் தொடுத்துக்கொண்டு வருவார்கள், தெரியுமா? பிரேக் போட்டது அவர்கள் கைக்குத் தெரியாது. அது என் கால் செய்த வேலை. முகத்தைப் பார்த்தாலென்ன, பார்க்காவிட்டாலென்ன. ஆனாலும் பார்த்திருக்கலாம். பிரகதீஷைப் பட்டாளத்தில் எடுத்துக்கொண்டு, பயிற்சி முடித்து, டாங்கு ஓட்ட விட்டிருக்கிறார்கள் என்று போன் வந்த அன்று டெப்போவுக்கே போய் மிட்டாய் கொடுத்தேன். நாற்பது டன்னுக்கு மேலே, ஸ்டியரிங் கிடையாது, இரண்டு பக்கமும் இரண்டு தடி, இடது தடியை இழுத்தால் இடது பக்கச் சங்கிலி நின்றுபோய் வண்டி இடதுபக்கம் திரும்பும். ஆனால் கீழே மூன்றும் அதே மூன்றுதான்: கிளச், பிரேக், ஆக்சிலேட்டர். அதை அவன் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவனுக்கு நான் அந்த மூன்றையும் பழக்கிக் கொடுத்தது மகாமகக் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய லாரியில். முதல் நாளே கிளச்சை நோகாமல் விட்டான். பயல் காலில் கண் இருக்கிறது என்று மங்களத்திடம் வந்து சொன்னேன்.

மத்தியானம் போன் செய்தான். ரெஜிமெண்டில் டாங்குக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டார்களாம், இவன் தன் வண்டிச் சங்கிலிக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினானாம், பஞ்சாப்காரர்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்களாம். ஆயுதபூஜைக்கு எலுமிச்சை நசுக்காமல் எந்த டிரைவர் வண்டி எடுப்பான். நான் நேரே கேட்கவில்லை, சுற்றி வளைத்தேன். கமாண்டர் ஆக எத்தனை வருஷமாகும் தம்பி என்றேன். சிரித்தான். "எதுக்குப்பா? கமாண்டர் சாப் மேலேர்ந்து பாத்து வழி சொல்லுவாரு. ஆனா மணலு கெட்டியா, பொதபொதன்னு இருக்கான்னு எனக்குப் பிட்டத்துலயே தெரியும்பா. போன மாசம் அவரு நேரா போங்கிறாரு, நான் நிறுத்திட்டேன். எறங்கிப் பாத்தா முன்னால பொதமணலு. சாப் என் தோளத் தட்டுனாரு." அவ்வளவுதான் சொன்னான், அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டலாம். பிட்டத்தில் தெரிகிறது! இதைப் போய் நான் யாரிடம் சொல்ல, பேங்க் மேனேஜரிடமா? மாப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்டால் பிட்டத்தில் தெரியும் என்றா? ஆனால் சத்தியமாக, எந்தப் படிப்புப் படித்தவனுக்கும் சொல்லித்தர முடியாதது அது. உட்கார்ந்த இடத்தில் சாலை வந்து பேசும். எனக்குப் பேசியது. அவனுக்கும் பேசுகிறது. போனை வைத்தபிறகும் கொஞ்சநேரம் நான் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். மங்களம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து "என்ன தனியா சிரிப்பு" என்றாள்.

அவளிடம்தான் மாட்டிக்கொண்டேன். மச்சான் சொன்ன பொய்யைவிட அவள் பிடித்திருக்கிற பிடிதான் பெரிது. காலையில் மேஜையைத் துடைக்க வந்தவள் டிரைவர் பொம்மையைக் கையில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அந்தச் சப்பட்டையான அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது, பாதி ஆளு?" "உள்ள இருக்கற பாதி தெரியாது மங்களம், அதனால செய்யறதில்ல." "மூளிப் பொம்மைய யாராவது கொலுவுல வைப்பாங்களா? அதுலயும் இது எம் புள்ளயாம். எம் புள்ளய அரையாளா வைக்கப்போறீங்களா?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயம். விரல் போன பொம்மையைக்கூட அவள் படியேற்ற மாட்டாள். அவள் அம்மா வீட்டுச் சீராக வந்த தசாவதாரத்தில் கூர்மத்துக்கு ஓடு கொஞ்சம் உடைந்ததற்கு அந்த வருஷமே ஆற்றில் விட்டுவிட்டு வந்தாள். "பேசாம அண்ணன் சொன்ன மாதிரி அந்த நிக்கிற ஆளுக்கே தலைய வையுங்க. கையும் காலுமா முழுசா இருக்கான்." போய்விட்டாள். அவளுக்குக் கமாண்டர் பதவி மேல் ஒன்றும் ஆசையில்லை. கையும் காலும், அதுதான் அவளுக்கு. எனக்குத் தெரியும், டிவியில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஒரு ஜவானைக் காட்டினார்கள், கண்ணிவெடி, இரண்டு காலும் முட்டிக்குக் கீழே இல்லை, அந்தப் பையன் சிரித்துக்கொண்டு சல்யூட் அடித்தான். மங்களம் எழுந்துபோய்க் கொல்லையில் நின்றாள். பிரகதீஷுக்கு அன்று போன் செய்து ஒன்றுமில்லாததற்கு அரைமணி பேசினாள், சாப்பிட்டாயா, கால்வலி ஏதும் உண்டா, பூட்ஸ் சரியாக இருக்கிறதா. முன்னால் உட்காருகிறவனுக்குத்தான் முதல் அடி. பஸ்ஸிலும் அப்படித்தான். எதிர்வண்டி வந்து மோதினால் முதலில் டிரைவர் கால்தான் நசுங்கும், கண்டக்டர் பின்படியில் குதித்துவிடுவான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. இன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டாள். சொன்னதும் எனக்கும் பிடித்துக்கொண்டது. நினைக்காதே என்று சொல்லச் சொல்ல அந்தச் சப்பட்டைதான் கண்ணில் வருகிறது. மார்புக்குக் கீழே ஒன்றுமில்லாத என் பையன். சீ. வாயில் வருவதற்கே கூசுகிறது.

சரி, முழு ஆளாக வேண்டுமென்றால் டாங்கை விட்டு இறக்கிப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். ஆனால் வண்டியை விட்டு இறங்கினால் டிரைவர் யார்? டீக்கடையில் நிற்கிற ஓர் ஆள். சீட்டில் இருக்கும்போதுதான் அவன் அவன். கமாண்டர் கழுத்தில் வைக்கலாம், ஒரு சொட்டுப் பசை, கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிட்டால் மச்சானுக்குச் சந்தோஷம், மங்களத்துக்கு நிம்மதி, மாயவரத்துக்காரருக்கு மரியாதை. எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள், இதுதான் மாப்பிள்ளையா, எவ்வளவு ஜோராக நிற்கிறார். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவேன். அப்போது கீழே அந்தச் சின்னத் துவாரத்திலிருந்து வேறொரு தலை, யாரோ ஒரு வெள்ளைக்காரத் தலை, என்னைப் பார்க்கும். வண்டியை அவனா ஓட்டுகிறான்? புதைமணலில் நிறுத்தியது அவனா? என் மகன் செய்ததை இன்னொருத்தன் கணக்கில் எழுதிவிட்டு, அவன் செய்யாததற்கு அவனை உச்சியில் ஏற்றி நிறுத்தி, அதற்குப் பெயர் பெருமையா? இவரு யாரு என்று ஒரு கல்யாண வீட்டுக்காரன் கேட்டான், தெரியாமல் கேட்டான், போகட்டும். தெரிந்த நானே என் பையனைப் பார்த்து நீ யாராக இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்கலாமா? அவன் மறுபடி லீவில் வருவான். டாங்கைக் குனிந்து பார்ப்பான், அவனுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். தெரிந்தும் "சூப்பர்ப்பா" என்பான். அந்தச் சூப்பரை என்னால் தாங்க முடியாது. இல்லை. தலை டிரைவர் கழுத்தில்தான். முடிந்தது. அப்படியானால் கால்? கால் வேண்டும். மங்களம் கேட்டது நியாயம்தான், எந்த அம்மா ஒத்துக்கொள்வாள். செய்யாமல் விட்டது பொம்மைக்காரன், செய்துவிட வேண்டியது நான். தெரியாவிட்டால் என்ன, டிரைவருக்குக் கால் எப்போது வெளியே தெரிந்தது?

குட்டைப் பொட்டலத்துக் கால்களை வைத்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்பா மார்பு வைத்த மாதிரி இருந்தது. நெட்டைப் பொட்டலத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் வெளியே தெரியாத, உபரியான கால் இருக்கிறது. கமாண்டருக்கு. எடுத்துப் பார்த்தேன், எத்தனை அழகான பொம்மை, பூட்ஸில் கயிற்று முடிச்சு கூடச் செதுக்கியிருக்கிறான். இதை அறுத்துவிட்டால் பிறகு சாயங்காலம் என் மனம் மாறினாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அறுத்தேன். சின்ன ரம்பம், இடுப்பு பெல்ட்டுக்குக் கீழே. பிறகு முட்டிக்குப் பின்னால் ஒரு முக்கோணம் வெட்டி எடுத்து மடக்கினேன், தொடைக்கு மேலே இன்னொன்று, உட்கார்ந்தான். இடது காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன், கிளச்சுக்கு. வலது குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை மட்டும் ஆக்சிலேட்டரில், அப்படித்தான் வைக்க வேண்டும், பாதம் முழுவதையும் வைக்கிறவன் டிரைவர் இல்லை. பெடல் மூன்றையும் தடி இரண்டையும் பொம்மைகள் வந்த சட்டத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக்கில் செய்தேன், சீட்டுக்குத் தீப்பெட்டி அட்டை. மார்பை வைத்து ஒட்டி, கழுத்தில் அவன் தலையை வைத்தபோது என் பிள்ளை எழுந்து வந்து உட்கார்ந்த மாதிரியே இருந்தது. சத்தமாகவே சொன்னேன், "டேய், ஜோரா இருக்கடா." சொல்லி நிமிர்ந்தால் மங்களம் நிற்கிறாள். பூஜைக்கு என் அரத்தையும் ரம்பத்தையும் வாங்க வந்திருக்கிறாள், அதைக் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கிவிட்டால் நாளைவரை தொடக்கூடாது. மேஜைமேல் கமாண்டர் இடுப்போடு கிடக்கிறார். பார்த்தாள். டிரைவரைக் குனிந்து பார்த்தாள். "இது யாரு காலு?" "அவரோடது." "நடக்கற காலா இருந்துச்சே." "மடக்கிட்டேன்." அவள் சுண்டுவிரலால் அந்த முட்டியைத் தொட்டாள், அவ்வளவு மெதுவாக அவள் பெருமாள் விக்கிரகத்தைக்கூடத் தொட்டு நான் பார்த்ததில்லை. மறுபடி நிமிர்ந்து கமாண்டரைப் பார்த்தாள். "அப்ப இவருக்கு?" "இவருக்கு எதுக்கு, இடுப்புக்குக் கீழ தெரியாதே." "தெரியலன்னா? அவரும் யாரோ பெத்த புள்ளதானே. அவருக்கும் ஒரு காலப் பாருங்க. அப்புறம் ரம்பத்த எடுத்துக்கிறேன்." போய்விட்டாள். நான் என்ன செய்ய, கை நீட்டிக்கொண்டிருந்த செக்கரைக் கூப்பிட்டேன். இவ்வளவு நேரம் சும்மாதானே நின்றாய், காலைக் கொடு. குட்டைக் கால்தான், அடியில் ஒரு பலகை வைத்து ஏற்றி, மிச்சமிருந்த தலையையும் ஒட்டினேன், கமாண்டர் பழைய உயரத்துக்கே வந்துவிட்டார்.

இப்போது மூட வேண்டும். டாங்கின் மேல்தட்டை இத்தனை நாள் ஒட்டாமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது இதற்காகத்தான் போலிருக்கிறது. டிரைவரைச் சீட்டோடு உள்ளே இறக்கினேன். மேலிருந்து கடைசியாக ஒரு தரம் பார்த்தேன், இரண்டு தடியும் கையில், மூன்று பெடலும் காலடியில், முட்டி லேசாக அகன்று, நன்றாக ஓட்டுகிறவன் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருந்தான். விளிம்பைச் சுற்றிப் பசை தடவி மேல்தட்டை வைத்து அழுத்தினேன். கால் போய்விட்டது. இடுப்பு போய்விட்டது. சின்னத் துவாரத்தில் தலையும் தோளும். உதட்டோரத்தில் அலட்சியம். பசை இறுகும்வரை இரண்டு பக்கமும் இரண்டு கையால் அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும், விட்டால் பிளந்துகொள்ளும், பிளந்தால் பிறகு எந்தக் காலத்திலும் சேராது. அப்போது பார்த்து வாசலில் கார் வந்து நிற்கிறது. எப்போதும் அப்படித்தானே. "வாங்க, வாங்க" என்று மச்சானின் வெண்கலக் குரல். செருப்புகள் கழல்கிற சத்தம். மங்களம் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். கொலு நல்லா வச்சிருக்கீங்க, இந்த மரப்பாச்சி பழசா, ஆமாங்க எங்க அம்மா குடுத்தது. என்னால் எழுந்துபோக முடியாது. பேங்க் மேனேஜர் வந்திருக்கிறார், பையனின் அப்பா உள்ளறையில் டாங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நல்ல மரியாதை. கீழே அந்தப் பார்க்கில் இடம் காலியாக இருப்பதை மேனேஜர் வீட்டம்மாள் பார்த்திருக்க வேண்டும். "இங்கதான் டாங்கு வைக்கப்போறீங்களா? மாப்பிள்ளை கமாண்டரா இருக்காருன்னு அண்ணன் சொன்னாங்க, எங்க சொந்தத்துல எல்லாருக்கும் சொல்லிட்டோம்." எல்லாருக்கும் சொல்லிவிட்டார்களாம். மச்சான் தொண்டையைச் செருமினார். நான் இங்கிருந்து கத்தலாமா? என்னவென்று கத்துவது? என் கட்டைவிரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தேன். மங்களம் என்ன சொல்வாள்? ஆமாங்க என்று ஒரு வார்த்தை, அல்லது ஒன்றும் சொல்லாமல் ஒரு சிரிப்பு, அது போதும், பொய் தன் வழியில் போய்விடும். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? அவள் பிள்ளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா? சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இல்லீங்க" என்றாள் மங்களம். "அண்ணன் ஆசையில சொல்லிட்டாங்க. எம் புள்ள கமாண்டர் இல்ல. டாங்கு டிரைவரு. அவங்க அப்பா மாதிரி."

என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது, துடைக்கக் கை இல்லை. அவங்க அப்பா மாதிரி. இத்தனை வருஷத்தில் என் காது கேட்க அவள் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. இந்தச் சம்பந்தம் நிற்குமோ போகுமோ, போனால் போகட்டும், இல்லை, போகக்கூடாது, நல்ல பெண், பாலிடெக்னிக், ஆனாலும் போனால் போகட்டும். "டிரைவர்னா..." என்று மேனேஜர் இழுத்தார். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். நான் ஆயுள் பூராவும் கேட்ட இழுப்பு அது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒருநாளும் வார்த்தை வந்ததில்லை. மங்களத்துக்கு வந்தது. அவளுடைய வளையல் சத்தமும் காலடியும் உள்ளறையைப் பார்த்து வரத்தொடங்கின, பின்னாலேயே அவர்களுடையதும்.

"வந்து பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "முன்னால தலை மட்டும்தான் தெரியும். காலு ரெண்டும் உள்ள முழுசா இருக்கு. நான் பாத்தேன்."

அவர்கள் வரும்போது எழுந்து நிற்பதுதான் மரியாதை. கையை எடுக்க முடியாததால் உட்கார்ந்தபடியே முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.